வில் உறைக்குள் வேறு வில்

என் பிடிவாதக்காரனுக்கு,

இந்நேரம் யூகான் ஆற்றங்கரையில் வேட்டைக் கூடாரம் போட்டு, வில் உறையைத் திறந்திருப்பாய். இழுக்க அறுபத்தைந்து பவுண்டு விசை கேட்கும் உன் வில் அதில் இல்லை. திட்டி முடித்துவிட்டு மேலே படி. விமானம் உங்கள் இருவரையும் இறக்கிவிட்டுப் போயாயிற்று. இனி மாற்ற வழியில்லை.

கடை முற்றத்தில் அந்த வில்லை நீ பாதி இழுத்து விட்டதைக் கோடை முழுதும் பார்த்தேன். "என்னப்பா, நாண் கன்னத்துக்கே வரமாட்டேங்குது? மூஸ் மானுக்கு முதுகு சொறிஞ்சு விடப் போறியா?" என்று உன் வேட்டைக் கூட்டாளி டெல்பர்ட் சிரித்தான்.

"குளிருடா" என்றாய். ஜூலையில்!

வில் விற்றே கடை கட்டியவள் நான். பாதி இழுத்த பெரிய வில்லைவிட, முழுதாக இழுத்த ஐம்பது பவுண்டு வில் ஆழமாகத் துளைக்கும். கனமான அம்புகளும் இருபுறமும் வெட்டும் அம்பு முனைகளும் வைத்திருக்கிறேன்; விலா எலும்பு வழிவிடும். குதிரையைவிடப் பெரிய மிருகம் காயத்தோடு காட்டுக்குள் போய்விட்டால், குளிர்காலம் முழுதும் உனக்குச் சோறு இறங்காது.

புது வில் என்று பயப்படாதே. வாடிக்கையாளருக்காகச் சோதித்துத் தரச் சொன்னேனே, அதே வில்தான். "யாருடி அந்த ஆளு? கொடுத்து வச்சவன்" என்று நீயே சொன்னாய்.

டெல்பர்ட் கேலி செய்தால், அவன் உறையையும் திறக்கச் சொல். அவனுக்கும் ஒரு வில்லைச் சோதிக்கக் கொடுத்திருந்தேன். அவன் மனைவியும் என் வாடிக்கையாளர்தான்.

நீ மறைக்கிற தோள்வலிக்குத் தைலம் உறையின் அடியில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் கடைக்காரி