பச்சைப் புடவைப் பெண்

உலு திராம்
19.8.2024

அன்புள்ள யுகேந்திரன்,

நலம்தானே? இதைக் கைபேசியில் கேட்டால் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பித் தப்பிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

நேற்று ஜொகூர் பாருவில் நாம் பார்த்த பழைய பிரெஞ்சுப் பாட்டுப் படத்தில், மாப்பிள்ளை வீடு மாறிப்போய் வேறொரு பெண்ணிடம் பாடிவிடுகிறான். தவறு தெரிந்த பிறகும் மரியாதைக்காக வாயைத் திறப்பதில்லை. அரங்கமே சிரித்தது. நீங்கள் மட்டும், "பாவம் லா அவன், எப்படிச் சொல்லுவான்?" என்றீர்கள்.

அது என்னை விடவில்லை. கோயிலில் நீங்கள் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எனக்கென்று எடுத்துவைத்தது பச்சைப் புடவை. ரவிக்கை இறுகியதால், கிளம்பும்போது தங்கை லோஷினி அதைக் கட்டிக்கொண்டாள். நான் அவளுடைய மஞ்சளைக் கட்டினேன். புகைப்படம் அனுப்ப அம்மாவுக்கு விருப்பமில்லை. உங்கள் வீட்டுக்குச் சொல்லியிருந்த அடையாளம் அந்தப் பச்சைதான். மாற்றிச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம்.

நீங்கள் யாரைப் பார்த்துச் சம்மதித்தீர்கள்? கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
பிரேமலா

பண்டார் தெங்காரா
25.8.2024

அன்பு பிரேமலா,

உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை. காரிலேயே அம்மா, "பச்சை சேலதான் பொண்ணு, நல்லா பாத்துக்கடா" என்றார். கோயிலில் பார்த்தேன். "ஓகேம்மா" என்றேன். அம்மா உடனே போய் உன் அம்மாவின் கையைப் பிடித்துச் சம்மதம் சொல்லிவிட்டார். பிறகுதான் உன்னை முன்னால் அழைத்துவந்தார்கள். "அலமாக், இவளாடா? இப்ப என்ன பண்றது?" என்று அம்மா பதறிப்போய் என் காதில் கேட்டார். "விடுங்கம்மா, அவங்களுக்கு அசிங்கமாயிடும்" என்றேன்.

அதை நினைத்து வருத்தப்படாதே. இத்தனை மாதத்தில் எனக்குப் பழகிவிட்டது. நீ நல்ல பெண். மண்டபத்துக்கும் அம்மா சொல்லிவைத்துவிட்டார். லோஷினிக்கு இது தெரிய வேண்டாம்.

என்றும் அன்புடன்,
யுகேந்திரன்

உலு திராம்
29.8.2024

யுகேந்திரன் அவர்களுக்கு,

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அன்று நீங்கள் யாரைப் பார்த்தீர்கள் என்பதை மறந்துவிடக்கூட என்னால் முடிந்திருக்கும். இப்போது என்னைப் பிடித்திருக்கிறது என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா என்றுதான் திரும்பத் திரும்பப் படித்தேன். பழகிவிட்டது என்றுதான் இருக்கிறது. தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பாலத்து நெரிசலும் உங்களுக்குப் பழகித்தான் இருக்கிறது.

நேற்று அம்மாவிடம், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றேன். "ஊரு என்னடி சொல்லும்?" என்றார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

லோஷினிக்கு எதுவும் தெரியாது.

உங்கள் அம்மாவிடம் நான் பேசப்போவதில்லை. இந்த முறை நீங்களே சொல்லுங்கள்.

பிரேமலா