பாலத்து ரோட்டில் ஒரு முழம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். பின்பக்கத்து பிரேக் கட்டை தேய்ந்து கிடக்கிறது, மாற்ற வேண்டும்.

டீச்சர் ஏழரைக்கு வாசலில் மணி அடித்தார். எழுபத்து நாலு வயது, என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்த அதே கண்டிப்பு இன்னும் போகவில்லை. ஒரு நிமிஷம் தாமதமானால் இரண்டாவது மணி. எனக்கு அவர் டீச்சர், அவருக்கு நான் சிஸ்டர். முப்பத்தாறு வருஷம் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்? நூலகம் வரை போய்ப் பேப்பர் படித்துவிட்டு, பாலத்து ரோடு வழியாகத் திரும்பினோம்.

உள்ளே நுழைந்ததும் இவர், "கிழவிங்க ஊர்வலம் முடிஞ்சுதா? பின்னாடி எத்தனை பஸ் ஊர்ந்துச்சு?" என்றார். பஸ் ஓட்டி, டிப்போவில் புது டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, ஓய்வு பெற்றவர். சைக்கிள்காரர்கள் பஸ்ஸை மறிப்பதற்கென்றே பிறவி எடுத்தவர்கள் என்பது அவர் கட்சி.

"பஸ்காரனுக்கு வாக்கப்பட்டு சைக்கிள் மிதிக்கிறேனே, என் தலையெழுத்து" என்றேன். சிரித்தார்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து இரண்டு வேளையும் போட்டேன். இவருக்குத் தெரியாமல்.

மார்ச் 5, வியாழன்

கண் டாக்டர். வலது கண்ணில் அழுத்தம் குறையவில்லை. நேரே இருப்பது நன்றாகத் தெரிகிறது, வலப்பக்கமிருந்து வருவதுதான் தெரிவதில்லை. பக்கத்துப் பார்வை இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறதாம்.

"வண்டி ஏதும் ஓட்டுறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்."

சைக்கிள் வண்டியா என்ன? — இப்படி எத்தனை நோயாளிகள் என்னிடம் சமாளித்திருப்பார்கள். ஒருத்தரையாவது நம்பியிருப்பேனா?

மார்ச் 9, திங்கள்

டீச்சரை பஸ் அடித்துவிட்டது. உயிர் இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். மறந்து போவதற்கு முன்.

பாலத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். டீச்சர் முன்னால், நான் இருபதடி பின்னால். இடப்பக்கம் கைப்பிடிச் சுவர். பின்னாலிருந்து நீளமாக ஹாரன். பஸ் என்னைத் தாண்டும்வரை எனக்குத் தெரியவில்லை. திடீரென்று வலப்பக்கம் முழுக்கப் பஸ்ஸாக இருந்தது. நான் சுவரோரம் ஒடுங்கினேன். டீச்சர் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தார். பஸ்ஸின் நடுப்பகுதி அவருடைய சைக்கிள் கைப்பிடியில் பட்டது. ஒரு தட்டுதான். சுவரில் மோதி, சைக்கிளோடு சாய்ந்து, பிறகு சத்தமே இல்லை.

இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிவு. தலையில் ஏழு தையல். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருத்தன் சொன்னான்: "இந்த வயசுல சைக்கிள் கேக்குதா?"

மார்ச் 11, புதன்

பஸ் ஓட்டியது நெட்டையன். இவர் கடைசியாகப் பழக்கிவிட்ட டிரைவர். எங்கள் மகள் கல்யாணத்தில் பந்தலுக்குத் தலை இடிக்க நின்று பரிமாறியவன்.

இவர் ஆஸ்பத்திரிக்குள் வரவில்லை. வாசல் வரைதான் வந்தார்.

மார்ச் 14, சனி

டீச்சருக்கு நினைவு தெளிந்துவிட்டது. ஆனால் அன்றைக்குக் காலையில் பல் தேய்த்ததற்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை. பார்த்தது நான் ஒருத்திதான். ஓடும் பஸ்ஸில் யார் வெளியே பார்த்துக்கொண்டு போகிறார்கள்?

இன்று மட்டும் பார்க்க வந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர், "எதுக்கு டீச்சர் இந்த வயசுல சைக்கிள்?" என்று கேட்டார்கள். பஸ் என்ன வேகத்தில் வந்தது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. பத்தாவது ஆள் ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டு அழுதார். பதினோராவது ஆள் என் மகள். அவள் என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மா, உன் சைக்கிளை வித்துடலாமா?" என்றாள்.

டீச்சர் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "இருபது வயசுல இடிச்சிருந்தா வலிக்காதா?"

மார்ச் 17, செவ்வாய்

நெட்டையன் வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எட்டு நாளில் ஆள் பாதியாகிவிட்டான்.

"அம்மா, அவங்க திடீர்னு ரோட்டுப் பக்கம் ஒடிச்சுட்டாங்க. குழியைப் பாத்து ஒடிச்சிருப்பாங்க. என்னால என்ன செய்ய முடியும் சொல்லுங்க."

"குழியே கிடையாதேப்பா அங்க."

"எனக்கு அப்படித்தாம்மா தெரிஞ்சுது."

டிப்போவில் விசாரணை வைக்கிறார்களாம். சாட்சி சொல்ல என்னைக் கூப்பிடுவார்களாம். என் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ரெண்டு பிள்ளைங்கம்மா எனக்கு."

அவன் போன பிறகு இவர்: "பாத்ததைச் சொல்லு. பாக்காததைச் சேத்துச் சொல்லாத."

நான் எதைச் சேர்க்கப் போகிறேன்? சுருக்கென்றது. ஏன் சுருக்கென்றது என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 19, வியாழன்

நடந்தே பாலத்துக்குப் போனேன். அந்த இடத்தில் நின்றேன். குழி இல்லை. சுவரில் டீச்சரின் கைப்பிடி கிழித்த கோடு இருக்கிறது.

ஆனால் ஒருவேளை — ஒருவேளை அவர் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருந்தால்? வலப்பக்கம் எனக்கு என்ன தெரியும்? இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தேன். சுவரோரம் போன ஆள் நேராகத் தெரிந்தார். ரோட்டின் நடுவில் வந்த லாரி, மூக்குக்கு நேரே வரும்வரை இல்லவே இல்லை. டீச்சர் எனக்கு நேரே, சுவரோரம் போனார். பார்த்தேன். பார்த்தேன்தானே?

மூன்று தடவை செய்து பார்த்தேன். ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தி, "என்ன பாட்டி, கண்ணாமூச்சியா?" என்றார்.

மார்ச் 24, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

இவர் சட்டைப் பித்தான் தைக்கத் தையல் டப்பாவைத் திறந்திருக்கிறார். சொட்டு மருந்து, மருந்துச் சீட்டு, எல்லாம் மேசையில் பரப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை மாசமா?"

"பத்து."

"பத்து மாசமா ஒரு கண்ணை வெச்சுக்கிட்டு மெயின் ரோட்டுல போயிருக்க."

"ஒண்ணரைக் கண்ணு."

"விளையாடாத! நான் ஓட்டிட்டு வந்து, நீ பாக்காம என் சக்கரத்துல விழுந்திருந்தா? ஆயுசுக்கும் நான்ல அதைச் சுமக்கணும்? டிரைவரும் மனுஷன்தான், தெரியுமா உனக்கு?"

"நான் விழல. டீச்சரும் விழல. இடிச்சுத் தள்ளினாங்க."

"அதை நீ பாத்தியா?"

இவர் சீட்டை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதுக்கு? எதுக்குங்க அது உங்களுக்கு? — கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 25, புதன்

இவர் டிப்போவுக்குப் போய்விட்டு மத்தியானம்தான் வந்தார். நெட்டையனைப் பார்த்தாராம். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சொல்லியிருப்பாரா? நாற்பத்தைந்து வருஷம் ஒரே கூரை. ஆனால் ஸ்டியரிங்கோடு அவருக்கு என்னைவிட நாலு வருஷம் கூடுதல் உறவு.

ஏப்ரல் 2, வியாழன்

கடிதம் வந்தது. எட்டாம் தேதி, காலை பத்து மணி.

நெட்டையனுக்காகப் பேச இவருக்கும் ஒரு கடிதம். பழக்கிவிட்டவர் என்ற முறையில்.

ஏப்ரல் 7, செவ்வாய்

டீச்சரிடம் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கட்டிலில் படுத்தபடியே என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அப்போ பின்னாடி வந்த காவலுக்கே கண்ணு தெரியாதா?"

"மன்னிச்சுக்குங்க டீச்சர்."

"நாளைக்கு அதைச் சொல்லப் போறீங்களா?"

"சொன்னா என் பேச்சை யார் நம்புவா? ரெண்டு கிழவி, ஒருத்திக்கு ஞாபகம் இல்ல, இன்னொருத்திக்குக் கண்ணு இல்லன்னு முடிச்சுடுவாங்க. சொல்லலைன்னா…"

"சொல்லலைன்னா அவங்களா கண்டுபிடிப்பாங்க. அப்புறம் மொத்தமும் தப்பாயிடும், சிஸ்டர். ஒரு வரியை மறைச்சா கணக்குக்கு மார்க் கிடையாது."

மறைக்காமல் சொன்னால் அதோடு என் சைக்கிளும் போச்சு. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் இனி நடப்பாரா என்பதே தெரியாத நேரத்தில் இது ஒரு கவலையா? கவலைதான். எனக்குக் கவலைதான்.

ஏப்ரல் 8, புதன்

நீளமான அறை. ஒரு மின்விசிறி, அதுவும் அதிகாரி பக்கம். அவர் கண்ணாடி போட்ட இளவயதுப் பெண், என் மகள் வயது இருக்கும். எதிரே நெட்டையன், தொப்பியை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான். இவர் அவன் பக்கத்து நாற்காலியில். சட்டைப் பையில் ஏதோ காகிதம் தெரிந்தது.

நான் பார்த்ததைச் சொன்னேன். நெட்டையனுக்காக வந்திருந்த தொழிற்சங்கத்து ஆள் எழுந்து, "வயசு என்னம்மா? கண்ணாடி போடலையே, கண்ணு நல்லாத் தெரியுதா?" என்றார்.

இவரைப் பார்த்தேன். தலை குனிந்திருந்தார். சொல்லிவிட்டார் என்றே நினைத்தேன். ஆனாலும் சொன்னேன். வலது கண்ணில் பக்கப் பார்வை இல்லை, பத்து மாதமாக மருந்து, டாக்டரிடம் சைக்கிளையும் வீட்டில் கண்ணையும் மறைத்தேன், பஸ் நெருங்கி வந்ததை நான் பார்க்கவில்லை. டீச்சர் எனக்கு நேர் முன்னால் போனார், அதைப் பார்த்தேன், அவர் ஒடிக்கவில்லை.

சங்கத்து ஆள் அதிகாரியைப் பார்த்துக் கையை விரித்தார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல.

அடுத்து இவரைக் கூப்பிட்டார்கள். டிரைவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லுங்கள் என்றார் அதிகாரி.

எழுந்து நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல பையன். குடிக்க மாட்டான், தூக்கத்துல ஓட்ட மாட்டான். எல்லாம் நான் சொல்லிக் குடுத்தபடிதான் ஓட்டுவான். அதுதாங்க தப்பு."

அதிகாரி பேனாவை நிறுத்தினார்.

"பாலத்துல சைக்கிள் வந்தா ஹாரன் அடி, ஒதுங்கிடுவாங்க, ஒரு முழம் விட்டாப் போதும், டைமை விட்றாதன்னு சொல்லிக் குடுத்தது நான். நானும் அப்படித்தான் ஓட்டினேன். எத்தனை பேர் செவுத்தோட ஒட்டினாங்கன்னு எனக்குத் தெரியாது. கண்ணாடியில திரும்பிப் பாத்ததில்ல. இவங்க ஒண்ணரைக் கண்ணுல பாத்ததை நான் ரெண்டு கண்ணையும் வெச்சுக்கிட்டுப் பாக்கல."

நெட்டையன் அழத் தொடங்கினான். "நாலு நிமிஷம் லேட்டு மேடம். அவங்க ஒடிச்சாங்களான்னு… எனக்கு நிச்சயமாத் தெரியாது. ஒடிச்சிருக்கணும்னு நெனச்சேன்."

வெளியே வந்து, "பையில என்ன?" என்றேன்.

எடுத்துக் கொடுத்தார். என் மருந்துச் சீட்டு. பின்பக்கம் வேறொரு டாக்டரின் முகவரி, அவர் கையெழுத்தில். டிப்போவில் விசாரித்து வாங்கினாராம். பதினைந்து நாளாக எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருந்தாராம்.

நான் இந்த மனுஷனைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேன்.

ஏப்ரல் 13, திங்கள்

புது டாக்டர். இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது வராது. சைக்கிளா? சந்துக்குள் வேண்டுமானால். மெயின் ரோட்டில் கூடாது.

வீட்டுக்கு வந்து சைக்கிளைத் துடைத்துவிட்டுப் பூட்டினேன். பத்தொன்பது வயதில் ஏறியது.

அழுதேன். போதும்.

மே 18, திங்கள்

தீர்ப்பு வந்துவிட்டது. தவறு பஸ்ஸின் மேல். நெட்டையனுக்கு மூன்று மாதம் ஸ்டியரிங் கிடையாது, வேலை போகவில்லை. அந்த வழித்தடத்துக்கு ஆறு நிமிஷம் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

டீச்சர் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு பதினாறு அடி நடந்தார். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார். வார்டே திரும்பிப் பார்த்தது.

ஜூன் 6, சனி

நடந்து போய் டீச்சருக்குப் பேப்பர் படித்துக் காட்டினேன். சைக்கிள்காரன் ஒருவன் அடிபட்ட செய்தி, நாலு வரி. ‘தலைக்கவசம் அணியவில்லை’ என்பதற்கே ஒரு வரி. அடித்தது என்ன வண்டி என்று போடவில்லை.

"விடை மட்டும் எழுதியிருக்கான், வழி எழுதலை" என்றார் டீச்சர்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

டிப்போவில் புது டிரைவர்களுக்கு அரைநாள் வகுப்பு எடுக்க இவரைக் கேட்டிருக்கிறார்கள். சைக்கிள்காரர்களைத் தாண்டிப் போவது பற்றி. இரண்டு நாளாக யோசனையாகவே இருந்தார். இன்று காலை என் சைக்கிளின் சீட்டை உயர்த்திக்கொண்டு, "பாலம் வரைக்கும் போயிட்டு வரேன்" என்றார். சின்ன வயதில் மிதித்ததோடு சரி. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். வேட்டி ஓரமெல்லாம் சுவர்ச் சுண்ணாம்பு. வாசலில் இறங்கினார், ஆனால் கைப்பிடியை விடவில்லை. நான்தான் விரல் விரலாகப் பிரித்தேன்.

தண்ணீர் குடித்தார்.

"முப்பத்தாறு வருஷமும் இந்த ரோட்டுலதான் போனியா?"

"ஆமா."

சாப்பாடு போட்டேன். பாதி சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"மழை நாள்லயுமா?"

"மழை நாள்லயும்தான்."