ஆளுக்கொரு வண்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் ஐந்து பேரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் உடம்பாலும் மனதாலும் சுகமாக இருக்க வேண்டும். போன மாதம் போனில் "தம்பி வீட்டுல எல்லாம் சரிதானேப்பா" என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டாய். நானும் "சரிதான், சரிதான்" என்று மழுப்பிவிட்டு உன் முதுகுவலியைப் பற்றி விசாரித்தேன். இந்த வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. நான் கூடத்தில் தும்மினால் சமையலறையில் ஒருத்தருக்கும் படுக்கையறையில் ஒருத்தருக்கும் கேட்கும், அதனால்தான் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறேன். முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன் நான். கதவு திறந்ததும் உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தாலும் எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும் என்று பழகியவன். அந்தப் பழக்கத்திலேயே இதையும் எழுதுகிறேன், கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்துவிடாதே.

உன் தம்பியும் மருமகளும் போன மழைக்காலத்திலிருந்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதையே நிறுத்திவிட்டார்கள். என்ன சண்டை என்று கேட்பாய். சண்டை என்று ஒன்று இருந்தால் நானே நடுவில் புகுந்து ஒரு பக்கம் பேசிக் கெட்ட பெயராவது வாங்கியிருப்பேன். அப்படி எதுவும் இல்லை. அவன் லிப்ட் ரிப்பேர் வேலைக்கு ராத்திரி பகல் பாராமல் ஓடுகிறான், அவள் பல் கட்டும் லேபில் நாள் முழுக்கக் குனிந்து பொய்ப்பல் ராவிவிட்டு வருகிறாள். இருவரும் நல்லவர்கள், ஒரே வீட்டில்தான் ஒத்துவரவில்லை. பேச்சு குறைந்துகொண்டே வந்து ஒருநாள் நின்றே போனது. அவளுடைய அண்ணன், அதுதான் இன்சூரன்ஸ்காரர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, ஒத்துவராத இடத்தில் இழுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, இரட்டைப் பிள்ளைகள் இருப்பதும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று, ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டால் யாருக்கும் குறையில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். இருவரும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் அடுத்த அறையில் இருந்தார்கள். சுவரைப் பற்றித்தான் முன்னாலேயே எழுதிவிட்டேனே.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் மரக் கார் பந்தயம் வைத்தார்கள். உள்ளங்கை நீளத்தில் ஒரு மரக்கட்டை, நான்கு சின்னச் சக்கரம், அச்சுக்கு நான்கு ஆணி, இவ்வளவுதான் கொடுப்பார்கள். கட்டையைச் செதுக்கி, தேய்த்து, வண்ணம் பூசி வண்டியாக்கிச் சரிவான ஒரு பலகைத் தடத்தில் மேலிருந்து விட வேண்டும், முதலில் கீழே வருகிற வண்டி ஜெயித்தது. மோட்டார் கிடையாது, தள்ளவும் கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் அப்பாவோடோ அம்மாவோடோ சேர்ந்து செய்ய வேண்டும் என்பது விதி. நீ ரேடியோ என்று பெயர் வைத்தாயே, அந்தப் பயல் வாயை மூடாமல் தன் கட்டையை அம்மாவிடம் கொண்டுபோனான். நம் கல்லுளி வழக்கம்போல ஒரு வார்த்தையும் பேசாமல் தன் கட்டையைக் கொண்டுபோய் உன் தம்பியின் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒன்பது வயதுக்கு அவளுக்கு அத்தனை அழுத்தம், யாரைக் கொண்டு பிறந்தாளோ. ஆக, ஆளுக்கொரு பிள்ளை, ஆளுக்கொரு வண்டி என்றாகிவிட்டது. அந்த அண்ணன் பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பார்.

சாப்பாட்டு மேசை இரண்டாகப் பிரிந்தது. ஜன்னல் பக்கம் அம்மாவும் மகனும், பிரிட்ஜ் பக்கம் அப்பாவும் மகளும். நான் என் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன், எந்தப் பக்கம் வைத்தாலும் மரத்தூள் விழுந்தது. மருமகள் செய்த வண்டியைப் பார்த்திருந்தால் அசந்து போயிருப்பாய். பல்லுக்கு மெருகேற்றுகிற கை அல்லவா, கட்டையைத் தேய்த்துத் தேய்த்து வழுவழுவென்று ஆக்கி வைத்திருந்தாள். உன் தம்பியின் வண்டி பார்வைக்குச் சோப்புக்கட்டி மாதிரிதான் இருந்தது, ஆனால் அவன் உருவத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. பென்சில் கூரைத் தூளாக்கி அச்சில் தடவினான். நான்கு சக்கரத்தில் மூன்றுதான் தரையில் பட வேண்டும், ஒன்றை மயிரிழை தூக்கிப் பொருத்தினால் உராய்வு குறைந்து வேகம் கூடும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தான். வண்டியில் நான்கு சக்கரம் இருக்க வேண்டும் என்றுதான் விதி, நான்கும் உருள வேண்டும் என்று இல்லையாம். அவள் குனிந்து, கண்ணை மேசையோடு வைத்து, அந்தச் சக்கரம் தொங்குவதைப் பார்த்துவிட்டு ஒருமுறை தலையாட்டினாள்.

வீட்டில் இருப்பது ஒரே ஒரு கை ட்ரில். அது அன்றைக்கு மருமகள் பக்கம் இருந்தது. உன் தம்பி மூன்றடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "ட்ரில் எப்போ கிடைக்கும்னு அம்மாகிட்ட கேளு" என்கிறான். அவள் நிமிராமல், "இன்னும் ஒரு ஓட்டைதான், முடிஞ்சதும் தர்றேன்னு அப்பாகிட்ட சொல்லு" என்கிறாள். இப்படி நாலைந்து தடவை தபால் போய் வந்தது. கடைசியில் கல்லுளி உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாவுக்குக் காது நல்லாத்தான்பா கேக்கும், நீயே கேளு" என்றாள். பிறகு உன் தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ட்ரில் வேணும்" என்றான். அவள், "எந்த சைஸ் பிட் போடணும்" என்று கேட்டாள். சிறியது என்றான், மாட்டிக் கொடுத்தாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான் மகளே. உன் அம்மா இருந்திருந்தால் எழுந்து உள்ளே போய் விளக்குக்கு முன்னால் நின்றிருப்பாள். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு மரப்பசை எங்கே, ஈரத்துணி எங்கே என்று ஒன்றிரண்டு வார்த்தை நேராகவே போய் வந்தது. எப்படியும் சேர்ந்துவிடுவார்கள் என்று நான் மனக்கோட்டை கட்டினேன் என்பதை மறைக்க மாட்டேன்.

பந்தயம் பள்ளிக்கூடத்து உள் மைதானத்தில் நடந்தது. ஜோடி ஜோடியாக விட வேண்டும், தடம் மாற்றி இரண்டு தடவை. இரண்டையும் சேர்த்து வேகமாக வந்தது எதுவோ அது அடுத்த சுற்றுக்குப் போகும். நம் வண்டிகள் இரண்டுமே பலரைத் தோற்கடித்துவிட்டு, கடைசி நான்கு வண்டிகளில் வந்து நின்றன. சீட்டு எடுத்ததில் இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவிலேயே போட்டி விழுந்துவிட்டது. உன் தம்பி தடத்துக்கு அந்தப் பக்கம், மருமகள் இந்தப் பக்கம், நடுவில் உயரமான பலகை. முதல் ஓட்டத்தில் ரேடியோவின் வண்டி ஒரு விரல்கடை முந்தி வந்தது. வந்த வேகத்தில் கீழே வைத்திருந்த மெத்தையைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதி, முன்சக்கரம் ஒன்று இரண்டாகப் பிளந்துவிட்டது. மாற்றுச் சக்கரம் கிடையாது, கொடுத்த நான்குதான் என்று உடற்பயிற்சி வாத்தியார் சொன்னார். அவர்தான் நடுவர். அந்தப் பயல் உடைந்த துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வாய் ஓயாமல் பேசுகிறவன் பேச்சில்லாமல் நின்றதைப் பார்க்க எனக்கே என்னவோ போல் இருந்தது.

கல்லுளி தன் வண்டியைத் திருப்பிப் பார்த்தாள். அந்தத் தொங்கல் சக்கரத்தை விரலால் ஒருமுறை சுற்றிவிட்டு, "இது தரையில படவே படாது, சும்மாதான் இருக்கு. நீ எடுத்துக்கோ" என்று தம்பியிடம் நீட்டினாள். ஐந்து நிமிஷம் முந்திப் பிறந்த அக்கா அல்லவா. வாத்தியார் குனிந்து, மூன்று சக்கரத்தோடு ஓட விட மாட்டோம், கழற்றினால் நீ தோற்றதாகத்தான் கணக்கு, தெரியுமா என்று கேட்டார். "தெரியும் சார்" என்றாள். அவர் இன்னொரு தடவை கேட்டார். அவள் இன்னொரு தடவை அதையே சொன்னாள். மருமகள் இந்தப் பக்கத்திலிருந்து, "வேணாம்டா கண்ணு, நீ ஓட்டு" என்றாள். கல்லுளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. நகத்தால் ஆணியை நெம்பிக்கொண்டிருந்தாள், அது வரவில்லை. உன் தம்பி பலகையைச் சுற்றிக்கொண்டு வந்தான். அவன் பையில் எப்போதும் ஒரு சின்னக் குறடு இருக்கும். மண்டி போட்டு ஆணியைப் பிடுங்கிச் சக்கரத்தை மருமகள் கையில் கொடுத்தான். அவளும் அங்கேயே மண்டி போட்டு, பையன் வண்டியில் அதை அழுத்தி வைத்து, நேராக நிற்கிறதா என்று கண்ணருகே தூக்கிப் பார்த்தாள். இருவர் தலையும் இடிக்கிற மாதிரி அவ்வளவு கிட்டத்தில் இருந்தன. பிறகு ரேடியோ கடைசிச் சுற்றில் ரொட்டிக்கடைக்காரர் மகளிடம் தோற்றான். அந்த வண்டிக்கு மெருகும் இல்லை, பென்சில் தூளும் இல்லை, ஒரு பக்கம் கோணலாகக்கூட இருந்தது, ஆனாலும் ஓடியது. அவ்வளவுதான், உலகத்தில் சில வண்டிகள் அப்படி.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் கீழே விளையாடப் போயிருந்தார்கள். நான் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போனேன், மருமகள் டீயைக் கொண்டுவந்து வைத்து, "நீங்க இருங்க மாமா, இது உங்களுக்கும் தெரியணும்" என்றாள். பிறகு உன் தம்பியை நேராகப் பார்த்துச் சொன்னாள், "எங்கண்ணன் சொன்னது நடக்காது. ஆளுக்கு ஒண்ணுன்னு அதுங்களைப் பிரிச்சோம்னா, அவ தன்கிட்ட இருக்கறதையெல்லாம் கழட்டிக் கழட்டி அவனுக்குக் கொடுத்துட்டு உக்காந்திருப்பா. வளர்ற பொண்ணு." உன் தம்பி, "நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன், ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கணும்" என்றான். சரி, நல்ல வார்த்தை விழுந்தது என்று நான் டீயை எடுத்தேன். அவள் கேட்டாள், "அப்ப நாம?" அவன் டம்ளரைத் தள்ளி வைத்தான். "நம்மால முடியலையே" என்றான். "ஆமா, முடியலை" என்றாள் அவள். குரல் உயரவில்லை, யாரும் அழவில்லை. பேச ஆரம்பித்தால் பேசியே தீர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். பேசினார்கள், தீர்த்தும் கொண்டார்கள். நான் நினைத்த தீர்வு அது இல்லை, அவ்வளவுதான்.

உன் தம்பி இரண்டு தெரு தள்ளி, சலவைக்கடைக்கு மேலே இருக்கிற வீட்டை எடுத்திருக்கிறான். பிள்ளைகள் ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே, எங்கே இருந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்தேதான். இன்சூரன்ஸ்காரர் போனில் ஏதோ குறுக்கே பேசப் பார்த்தார், தங்கையே வாயை அடைத்துவிட்டாள். நான் எங்கே இருக்கப் போகிறேன் என்று உனக்குக் கவலை வரும். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே மருமகள், "உங்க கட்டில் எங்கயும் போகாது மாமா" என்று சொல்லிவிட்டாள். உன் தம்பியும் அதுதான் சரி என்றான். பெற்ற மகன் இருக்க மருமகள் வீட்டிலா என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கிறவர்கள் வந்து எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கப் போவதில்லை. பிள்ளைகள் அங்கே இருக்கிற வாரம் சாயங்காலம் நானும் அங்கே நடந்து போகிறேன், காலுக்கும் நல்லது.

சனிக்கிழமை அவன் சாமானை எடுத்துக்கொண்டு போனான். சட்டைகளை அவள்தான் மடித்து வைத்தாள், பட்டன் போனதைத் தனியாக எடுத்து வைத்துத் தைத்துத் தந்தாள். மெத்தை ஒன்றுதான் பெரிய சாமான். லிப்டில் நுழையவில்லை, லிப்ட் மெக்கானிக் வீட்டு மெத்தை லிப்டில் நுழையவில்லை பார், படிக்கட்டு வழியாகத்தான் இறக்க வேண்டியிருந்தது. அவன் கீழ்ப்பக்கம் பிடித்துப் பின்னோக்கி இறங்கினான், அவள் மேலிருந்து பிடித்துக்கொண்டு, "மெதுவா, திருப்பத்துல இன்னும் ரெண்டு படி இருக்கு, இடது பக்கம் சாச்சுக்கோங்க" என்று வழி சொல்லிக்கொண்டே போனாள். அவன் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை, அவள் சொன்ன இடத்தில் காலை வைத்தான். மெத்தை எங்கேயும் உரசவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கீழே போய்ச் சேருகிற வரை அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷங்களில் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையை இவ்வளவு பதமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

நீ அழுதுகொண்டு இருவருக்கும் போன் செய்யாதே. இரண்டு நாள் ஆறப்போட்டுப் பிறகு பேசு. அவனிடம் பேசும்போது அவளைப் பற்றிக் கேட்காதே, அவளிடம் பேசும்போது அவன் என்ன சொன்னான் என்று சொல்லாதே. அவள் உனக்கு இன்னமும் வேண்டியவள்தான், அதை மறந்துவிடாதே. முதுகுவலிக்கு நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா, மாப்பிள்ளை குளிரில் தலைக்குக் குல்லா போடாமல் வெளியே போகிறாராமே, சொல்லி வை. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தர் பேச்சு ஒருத்தர் காதில் விழும்படி நீடூழி வாழ வேண்டும். பிள்ளைகளுக்கு ஏதாவது அனுப்புவதாக இருந்தால் ஒரே பெட்டியில் போட்டு, இரண்டு பேர் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்பு. எந்த வீட்டுக்கு என்று குழம்பாதே, எங்கே வந்தாலும் சேர்ந்துவிடும்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா