டாக்டர் உங்களைத்தான் கேட்டார்

இன்று காலை ஈப்போவில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். பிரஷர் மாத்திரை வாங்கும் நாள். கிருமி போகக் கையில் தடவும் மருந்தின் வாடை மூக்கில் ஏறியது. இப்போதெல்லாம் அந்த வாடை வந்தால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகவே உடம்பு நினைக்கிறது. பக்கத்தில் இருந்தது முன்பின் தெரியாத ஒரு பெண். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவள், கையிலிருந்த தாளை என் பக்கம் நீட்டினாள்.

"அக்கா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா? இதுல என்னா போட்டிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்களேன். எங்க வீட்டுக்காரருக்குத்தான், வெளிய காடிய நிறுத்திட்டு அதுலயே உக்காந்திருக்காரு."

"எனக்குத் தெரியாதுலா" என்றேன்.

தரை ஓடு விற்கும் கடையில் இருபது வருடம் இங்கிலீஷில் போன் பேசி, கடிதம் எழுதிச் சம்பாதித்தவள் நான். வாய் கூசாமல் பொய் சொன்னேன். அவள் "பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனாள். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். நீங்கள் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது.

ஐம்பது வயதுக்கு மேல் உங்களுக்கு இங்கிலீஷ் ஆசை வந்தது. சிம்பாங் பூலாயில் கல்மலையிலிருந்து கல் ஏற்றி லாரி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று அப்பாவோடு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போனவர் நீங்கள். தமிழும் மலாயுமே அதுவரை போதுமானதாக இருந்தது. புதிதாக வந்த மேனேஜர் எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதிப் போனுக்கு அனுப்ப ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் போனை அடுத்தவனிடம் நீட்டுவது உங்களுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. ஒருநாள் பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கி வந்தீர்கள்.

பெரிய வார்த்தைகளை நீங்கள் சீண்டவே இல்லை. "பெருசுங்க பாவம், ஒரே வேலதான் பார்க்கும். இந்த மூணெழுத்துங்கதான் ஊருக்கெல்லாம் கூலிக்குப் போவுது" என்பீர்கள். பக்கத்தின் உச்சியில் 'ரன்' என்று தமிழில் எழுதி, கீழே ஒவ்வொரு அர்த்தத்தையும் யார் வாயிலிருந்து கேட்டீர்களோ அவர் பெயரோடு எழுதினீர்கள். மெக்கானிக் சொன்னால் இஞ்சின் ஓடுவது. சாப்பாட்டுக்கடை முதலாளியான தவுக்கே சொன்னால் கடை நடத்துவது. நர்ஸ் சொன்னால் மூக்கு ஒழுகுவது. துணி அலசிக்கொண்டே நான் சொன்னது, சாயம் போவது. 'ஆஃப்' பக்கத்தில் இடம் போதாமல் ஓரமெல்லாம் எழுதினீர்கள்: விளக்கை அணைப்பது, லீவு, பால் கெட்டுப்போவது, அலாரம் அடிப்பது.

"அணைச்சாலும் ஆஃப், அடிச்சாலும் ஆஃபா? எவன்லா இத செஞ்சது?" என்று என்னோடு சண்டைக்கு வந்தீர்கள், என்னவோ நான்தான் செய்ததுபோல.

அந்த நோட்டு உங்களுக்கு ஒரு பயத்தையும் கொடுத்துவிட்டது. ஒரு சின்ன வார்த்தைக்குள் இத்தனை சங்கதி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, முக்கியமான இடங்களில் வாயையே திறக்க மாட்டேன் என்றீர்கள். "வேற எங்கியாச்சும் தப்பா புரிஞ்சிக்கிட்டா சிரிச்சிட்டுப் போலாம். பேங்க்ல, ஆஸ்பத்திரியில எல்லாம் நீயே பேசிடு." நானும் பேசினேன். யார் உங்களைக் கேட்டாலும் நான் பதில் சொல்வது நம் வீட்டு வழக்கமாகவே ஆகிப்போனது. லைசென்ஸ் ஆபீசில் உங்கள் பெயரைக் கேட்டால்கூட நான்தான் சொல்வேன். நீங்கள் பக்கத்தில் நின்று பெரிய மனிதர் மாதிரி தலையாட்டுவீர்கள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த அன்றும் அப்படித்தான் போனோம். டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். "பாச்சிக்" என்று மாமா முறை வைத்து உங்களை அன்பாகக் கூப்பிட்டு, மலாயில்தான் பேச்சைத் தொடங்கினார். உங்களுக்கு மலாய் என்னைவிட நன்றாக வரும். அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு நேராக உங்கள் முகத்தைப் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. குறுக்கே புகுந்து, இங்கிலீஷில் சொல்லுங்கள் டாக்டர், எனக்கு அதுதான் வசதி என்றேன். இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது.

அவரும் இங்கிலீஷுக்கு மாறினார். புற்றுநோய் ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, இனிக் குணமாகாது என்றார். மருந்து ஏற்றினால் சில மாதம் கூடுதலாகக் கிடைக்கலாம், ஆனால் அதில் பாதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்விடும். வேண்டாம் என்றால் வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். எல்லாம் சொல்லிவிட்டு, "அவருக்கு என்ன வேண்டும்? அவரையே கேளுங்கள்" என்றார்.

நான் உங்கள் பக்கம் திரும்பினேன். "ஈரல்ல வீக்கமாம். மருந்து ஏத்தினா சரியாயிடுமாம்."

"இவ்ளோ நேரம் பேசினாங்க, இவ்ளோதானா?"

"அவங்க அப்படித்தான், சுத்தி வளைச்சுப் பேசுவாங்க."

"நோட்டுல எழுதுற மாதிரி புதுசா எதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லங்க. எல்லாம் தெரிஞ்ச வார்த்தைதான்."

நீங்கள் சிரித்தீர்கள். நான் டாக்டரிடம், மருந்து ஏற்றிக்கொள்வதாக அவர் சொல்கிறார் என்றேன். தமிழ் தெரியாத அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

உங்களைப் பயமுறுத்தக் கூடாது என்று நினைத்தேன் என ஊருக்கு வேண்டுமானால் சொல்லலாம். அது பொய். வீட்டுக்கே போகலாம் என்று நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்று நான் பயந்தேன். சில மாதம் கூடக் கிடைக்கும் என்று காதில் விழுந்ததும், எப்படிக் கிடைத்தாலும் சரி என்றாகிவிட்டது எனக்கு. உங்களுடைய மாதங்களை எனக்காக எடுத்துக்கொண்டேன்.

அவை எப்படிப் போயின என்று உங்களுக்கே தெரியும். வாயெல்லாம் புண், குடித்த கஞ்சியும் தங்கவில்லை. "போதும்லா, வீட்டுக்குப் போலாம்" என்றீர்கள். டாக்டர் விடமாட்டேன் என்கிறார் என்றேன். கேட்டிருந்தால் அவர் அன்றைக்கே விட்டிருப்பார். ஒருநாள் காலை அவர் வந்து, வலி எப்படி இருக்கிறது என்று மலாயில் உங்களைக் கேட்டார். பழையபடி நான் பதில் சொன்னேன். அவர் போன பிறகு நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள்.

"ஏம்மா, அவங்க என்னையப் பார்த்துத்தானே கேக்கிறாங்க. நீ ஏன் பதில் சொல்ற?"

"பழக்கமாயிடுச்சுங்க" என்றேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகலாம் என்றுகூட நீங்கள் கேட்கவில்லை.

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தினமும் யோசிக்கிறேன். வீடு என்றிருப்பீர்கள். ஒரு தடவை கேமரன் மலை ஏறி வரலாம் என்றிருப்பீர்கள். மருந்தே ஏற்றட்டும் என்றும் சொல்லியிருக்கலாம், அப்படியானால் நான் பெரிய பாவம் ஒன்றும் செய்துவிடவில்லை. எது என்று தெரியவில்லை. உங்களோடு முப்பத்தொரு வருடம் வாழ்ந்தவளுக்கு இது தெரியவில்லை, இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

உங்களிடம் கொடுக்கச் சொல்லி டாக்டர் தந்த கேள்வி இன்னும் என்னிடமே இருக்கிறது. ஒற்றைத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்காரும்போது அதை வாய்விட்டுக் கேட்டுப் பார்க்கிறேன், தமிழில் ஒரு தடவை, நீங்கள் நன்றாகப் பேசிய மலாயில் ஒரு தடவை. "என்னங்க, உங்களுக்கு என்ன வேணும்?" உங்களுக்காக எல்லா இடத்திலும் பதில் சொன்னவளுக்கு, இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.