நட்சத்திரத்திலிருந்து ஆடி அழைப்பு

அக்கா, நம் ஜப்பான் பொம்மைப் படம் ஆறு பாகத்தையும் போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுதாகப் பார்த்துவிட்டேன். நாம் சொன்ன கதையில் பாதிகூட அதில் இல்லை.

என் மகள்தான் எங்கோ தேடிப் பிடித்து டிவியில் போட்டாள். படத்துக்கு அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓட, அவள் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். ஆரம்ப இசை வந்ததுமே எனக்கு மூக்கில் மிளகாய்த்தூள் நெடி ஏறித் தும்மல் வந்துவிட்டது. வீட்டில் யாரும் மிளகாய் அரைக்கவில்லை. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உங்கள் மாவு மில் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்தாயிற்று. ஆனாலும் அந்த இசைக்கும் உங்கள் முந்தானை நெடிக்கும் என் மண்டைக்குள் ஒரே ஒயர்.

சிங்காநல்லூரில் நான் கேபிள் டிவி நடத்திய காலம். புதுப்பட கேசட் வாங்கக் கையில் காசில்லை. ஒரு பஞ்சு மில்லுக்கு மெஷின் மாட்ட வந்த ஜப்பான்காரர் லாட்ஜில் விட்டுப்போன கேசட்டுகளை மேனேஜரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கிவந்தேன். நல்லவேளை, என் வீடியோ டெக் எந்த ஊர் கேசட்டையும் ஓட்டும். படம் புரிந்தது, பேச்சுதான் புரியவில்லை. அதற்கென்ன, கரண்ட் கட், கடைத் திறப்பு விழா எல்லாம் அறிவிக்க என்னிடம் ஒரு மைக் இருந்தது. ஜப்பான் சத்தத்தைக் குறைத்துவிட்டு, எல்லோருக்கும் நானே பேசிவிடுவது என்று துணிந்தேன். ஆனி மாதக் கடைசி வாரம், தினம் ஏழு மணிக்கு ஒரு பாகம்.

கதை இதுதான். கடலோர ஊரில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கிற பையன். ஒருநாள் வானத்திலிருந்து குரும்பை மாதிரி ஒரு சின்னக் கப்பல் விழுகிறது. அதற்குள் பச்சைக் கண்ணோடு ஒரு பெண். பின்னாலேயே அவளைத் தேடிக்கொண்டு மீசைக்கார கேப்டன் ஒருத்தன் வருகிறான். பையன் அவனைக் கண்டதும் குனிந்து கும்பிட்டான். சரி, சொந்தக்காரராக இருக்கும் என்று, 'வாங்க சித்தப்பா' என்று பேசிவிட்டேன். அந்தப் பெண்ணும் அவனிடம் பணிவாக நின்றாள். அவளுக்கு 'அப்பா' என்று போட்டேன்.

மூன்றாம் பாகத்தில் பையன் அவள் கையைப் பிடித்தான்.

என் கேபிள் ரூமுக்கு நீங்கள் மாடிப்படி ஏறி வந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. புருவமெல்லாம் மாவு.

“ஏனுங் தம்பி, சித்தப்பன் மக கையைப் புடிச்சுட்டு நிக்கறான், நீங்க பாட்டுக்கு மைக்குல கொஞ்சிட்டிருக்கறீங்க? அண்ணன் தங்கச்சி முறைங்க! வெக்கமா இல்லீங்களா?”

“அக்கா, அது ஜப்பானுங்க.”

“ஜப்பான்ல சித்தப்பன் கெடையாதுங்களா? கீழ நின்னு பாருங்க, தெருவே காறித் துப்புது. காலையில எல்லாரும் ஒயரைக் கழட்டிப்போடறோம்னு நிக்கறாங்க.”

நீங்கள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து ஓட்டச் சொன்னீர்கள். எங்கள் வீட்டு அடுப்பு எரிவதா வேண்டாமா என்பது அந்த நேரம் உங்கள் கண்ணில் இருந்தது. கேப்டன் முகம் வந்ததும் நிறுத்தச் சொன்னீர்கள்.

“இவனுக்குக் கண்ணு கறுப்பு. அவளுக்குப் பச்சை. இவ அவன் பெத்த புள்ளையே இல்லீங்க. எங்கியோ எடுத்து வளத்துன புள்ள.”

எனக்கு உயிர் வந்தது. வியாபாரி புத்தி, கொஞ்சம் கூட்டிக் கேட்டேன்: “அப்ப பையனோட அத்தை மகளுன்னே வச்சுக்கலாமுங்களா? கட்டிக்கற முறையாச்சு.”

“அளவாப் பொய் சொல்லுங்க தம்பி. அத்தை எதுக்குங்க நட்சத்திரத்துக்குப் போறா?”

மறுநாள் கேப்டன் வாயாலேயே உண்மையைச் சொல்லவைத்தேன். தெரு அடங்கியது. அன்றோடு நீங்கள் விட்டுவிடவில்லை. மத்தியானமே வந்து ஒவ்வொரு பாகத்தையும் முன்கூட்டிப் பார்த்தீர்கள். “அந்தப் புள்ளைக்கு உங்க குரலு, தார் ரோட்டுல டிரம் உருட்டறாப்புல இருக்குது” என்று மைக்கையும் பிடுங்கிக்கொண்டீர்கள். மில் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை உங்களுடையது. மைக்கைக் கை நீளத்துக்குத் தள்ளி வைத்தும் பச்சைக்கண்ணாள் காதல் சொன்னது பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிட்டது போலத்தான் கேட்டது. ஏழு மணிக்கு மில் நின்றுபோவதைத் தெருவில் ஒருத்தரும் கேள்வி கேட்கவில்லை.

அந்த வைகாசியில்தான் உங்கள் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்திருந்தீர்கள். மூன்று தெரு தள்ளி, மளிகைக்கடை வீடு. நல்ல பையன், குறை சொல்ல முடியாது. ஆடிக்கு மகளை அழைக்கப் போனபோது சம்பந்தியம்மா சொன்னதை, மாவு அரைக்க வருகிற எல்லோரிடமும் நடித்தே காட்டுவீர்கள்: “மூணு தெருவுக்கு எதுக்குங்க ஆடி அழைப்பு? மொட்டை மாடியில ஏறுனா உங்க ஊடு தெரியுதுல்லங்க!” எல்லோரும் சிரிப்பார்கள், நீங்களும் சிரிப்பீர்கள். மாவு தள்ளுகிற கட்டை மட்டும் அப்போது வேகமாக ஓடும். ஆடி பிறக்க நாலைந்து நாள்தான் இருந்தது. தலை ஆடிக்கு மகள் வரவில்லையென்றால் அப்புறம் எந்த ஆடிக்கு வந்து என்ன?

ஆறாம் பாகம். கப்பல் வருகிறது. பெண் ஏறிப் போய்விடுகிறாள். பையனும் அவன் அம்மாவும் கடற்கரையில் நிற்கிறார்கள். அவ்வளவுதான் படம்.

“அக்கா, கப்பல் வர்றதுக்கு முன்னாடியே கட் பண்ணீர்றேன். கல்யாணம்னு சொல்லி முடிச்சுக்கலாம். ஜனம் கேக்கறது அதானுங்க” என்றேன்.

நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. “ஒரேயடியா இவங்களே வச்சுக்கறதுங்களா? வளத்துன புள்ளைன்னு நாமதான சொன்னோம். அங்க பெத்தவ ஒருத்தி வழி பாத்துட்டிருப்பாள்ல?” கப்பல் வருகிற இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னீர்கள். “போகட்டும் தம்பி. ஆனா பிரிஞ்சு போகலீங்க. கல்யாணம் முடிஞ்சுது, தலை ஆடிக்கு அம்மா ஊட்டுக்குப் போறா.”

சாயங்காலம் அப்படியே ஓட்டினோம். கப்பல் முகப்பில் ஒரு விளக்கு மினுக்கியது. நட்சத்திரத்திலிருந்து பெண்ணின் தாய் பேசுகிறாள் என்று நான் அறிவித்தேன். நீங்கள் மைக்கைக் கிட்டே இழுத்து, அந்த வாரத்திலேயே முதல்முறையாக மெதுவாகப் பேசினீர்கள்.

“ஏனுங் சம்பந்தி, எத்தனை கோடி மைலுன்னு எனக்குக் கணக்குத் தெரியாதுங்க. அத்தனை தூரத்துல இருந்து எம்புள்ளைய ஆடிக்கு அழைக்கறேன். மூணு தெருத் தள்ளி இருக்கறவங்களே அனுப்ப யோசிக்கற காலமுங்க இது. நீங்க பெரிய மனசுக்காரங்க, அனுப்பி வைப்பீங்க.”

அடுத்து பையனின் அம்மா பேச வேண்டும். அது என் வேலை. வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. டெக்கை அப்படியே நிறுத்தினேன். மளிகைக்கடை அம்மாதான்.

“தம்பி, உங்க அக்கா என்னைய நடுத்தெருவுல நிக்க வச்சுட்டாங்களே! எம்மருமக இங்க பக்கத்துல உக்காந்து தேம்பறா, எம்பையன் என்னைய மொறைக்கறான்.” கொஞ்சம் நிறுத்தி, “ஏனுங், அந்த ஜப்பான்காரி என்ன பதில் சொல்றா?” என்றார்.

“இன்னும் சொல்லலீங்கம்மா. நீங்க என்ன சொல்றீங்களோ, அவளும் அதத்தான் சொல்லுவா.”

போனை உங்கள் கையில் கொடுத்தேன். மைக்கை நான் அணைக்கவில்லை. அது மறதி இல்லை. இரண்டு வீட்டுப் பேச்சு என்றால் சாட்சிக்கு நாலு பேர் வேண்டும், நான் தெருவையே வைத்தேன். ஒவ்வொரு வீட்டு டிவியிலும், நிறுத்திவைத்த படத்தில் ஜப்பான்காரி வாயைத் திறந்தபடி நடுங்கிக்கொண்டு நிற்க, நீங்கள் போனில் பேரம் பேசினீர்கள். “சரிங்க சம்பந்தி... அது முடியாதுங்க... அப்படீன்னா சரிங்க” என்று உங்கள் பக்கம் மட்டும் ஊருக்குக் கேட்டது. கடைசியில் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். நான் படத்தை ஓடவிட்டு, “கூட்டிட்டுப் போங்க சம்பந்தி” என்றேன். கீழே தெருவில் யாரோ விசில் அடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்துகொண்டேன், அந்த இடத்தில் பையனின் அம்மா உண்மையில் சொன்னது “மழை வரும் போலிருக்கிறது” என்பது மட்டும். அந்தப் பெண் திரும்பி வரவே மாட்டாளாம். என் மகள் அழுதாள். “அழாத கண்ணு, அவ ஆடிக்குப் போயிருக்கா” என்றேன். முறைத்துவிட்டு எழுந்து போனாள்.

இப்போது ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறேன், அக்கா. பொருள் எப்போது வெளியே போகிறது என்று கேட்பதற்கு முன்னால் எப்போது திரும்பி வரும் என்று பேசிவிடுவேன். அன்றைக்கு நீங்கள் போனில் பேசி முடித்த விதம் என்னைவிட்டுப் போகவில்லை. என்ன முடிவானது என்பதும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. ஆடி பிறப்பதற்கு முதல் நாள் சீர்த்தட்டோடு வந்து முறையாக அழைத்துப்போக வேண்டும். ஆடிப் பதினெட்டுக்கு மாப்பிள்ளை விருந்துக்கு வரலாம், ராத்தங்கக் கூடாது. ஆவணி முதல் வளர்பிறையில் பெண்ணைக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். மருமகள் இல்லாத மாதம் முழுக்க மளிகைக்கடை வீட்டுக்கு உங்கள் மில்லில் அரைப்புக்கூலி கிடையாது. வீட்டு மாவுக்கு மட்டும்தான். கடையில் விற்கிற மாவுக்குக் கூலி உண்டு.