நாயின் சொந்தக்காரர் குடியிருக்கும் வீடு

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. அதைக் கடைசியில் கேட்டுக்கொள்கிறேன். இப்போதே கேட்டால் கோபம் ஆறிவிடும். ஆறிவிட்டால் சொல்ல வந்ததில் பாதிதான் சொல்வேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மதிய இடைவேளை. இஸ்திரி மேசையில்தான் காகிதத்தை விரித்திருக்கிறேன். மேசை இன்னும் சூடாக இருக்கிறது, நானும்தான்.

உன் விலாசம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். யோசி. அதற்கும் வருகிறேன்.

போன சனிக்கிழமை மந்திரியை நாய்க் கண்காட்சிக்குக் கூட்டிப்போனேன். உன் நாயை உன்னிடம் கேட்காமல் எப்படிக் கூட்டிப்போகலாம் என்று கேட்காதே. கேட்க வேண்டுமானால் நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டு, மந்திரி சாப்பிட்டானா, காதில் புண் வரவில்லையே என்று கேட்டுவிட்டு, நான் உன்னைப் பற்றிக் கேட்பதற்குள் வைத்துவிடுகிறாய். பதினோரு மாதமாக இதே கதை.

சாம்பியன் பட்டத்துக்கு மூன்று சான்றிதழ் வேண்டும். இரண்டை நீ வாங்கிவிட்டாய். அவனுக்கு எட்டு வயது முடிய இன்னும் நான்கு மாதம். முடிந்துவிட்டால் முதியோர் வரிசைதான். அங்கே தட்டிக்கொடுப்பார்கள், சான்றிதழ் கொடுக்கமாட்டார்கள். உனக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், எனக்கும் தெரியும் என்று உனக்குத் தெரியட்டும். அந்த மூன்றாவதை வாங்கி வைத்துவிட்டால், அடுத்த தடவை நீ கூப்பிடும்போது போனை வைப்பதற்குள் சொல்ல என்னிடம் ஒரு செய்தி இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் ஆசை.

இரண்டு மாதம் பழக்கினேன். வேலை முடிந்ததும் அவனை இங்கே கொண்டுவந்து, சூடு தணிந்த இஸ்திரி மேசையில் நிற்க வைப்பேன். மூட்டை கட்டுகிற அக்கா நடுவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்து அவன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பாள், தோளைத் தடவுவாள், வாலைத் தூக்குவாள். அவனும் எல்லோருடைய மனுவையும் வாங்கிக்கொண்டு எதுவும் செய்யாதவன் மாதிரி அசையாமல் நிற்பான். நீ வைத்த பேருக்கு இன்றுவரை குறையில்லை.

இந்த வருடம் புதிதாக ‘சொந்தக்காரர் வரிசை’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நாயை வளர்க்கிறவரே கயிற்றைப் பிடித்து ஓட வேண்டும். அடுத்தவர் நாயைக் கூலிக்குப் பிடித்து ஓடுகிறவர்களுக்கு அதில் இடம் இல்லை. ஜெயித்தால் அதே சான்றிதழ். நோட்டீஸில் படித்தபோது, பரவாயில்லையே, நம்மையும் மனுஷராக நினைத்து ஒருவர் யோசித்திருக்கிறாரே என்று மனம் குளிர்ந்துபோனது. எத்தனை வருடம் நீ போட்டி வளையத்தின் ஓரத்தில் நின்று, வேனில் வந்து இறங்குகிறவர்கள் கோப்பையைத் தூக்கிப்போவதைப் பார்த்திருப்பாய்.

சீப்புக்காரரை ஞாபகம் இருக்கிறதா? மேல்கோட்டுப் பையில் ஐந்து சீப்பு செருகியிருப்பாரே, அவரேதான். பதினோரு நாய், இரண்டு உதவியாளர், ஊதிக் காயவைக்கிற மெஷின் என்று ஒரு ஊர்வலமாக வந்து இறங்கினார். அந்தப் பதினோரு நாய்களில் ஒன்றாவது அவர் வீட்டு வாசலில் படுத்திருக்குமா? எல்லாம் அடுத்தவர் நாய். வரட்டும், பெரிய வரிசையில் ஓடட்டும், எனக்கென்ன. ஆனால் சொந்தக்காரர் வரிசைக்கு எண் அட்டையை மாட்டிக்கொண்டு நான் வளையத்துக்குள் போனால், எனக்கு முன்னால் அவர் நிற்கிறார். கையில் ஒரு கட்டடக் காண்டிராக்டரின் நாய்.

எனக்குப் பின்னால் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், தானே முடி வெட்டிய வெள்ளை நாயோடு நின்றார். வெட்டு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தது. சீப்புக்காரர் எப்படி இந்த வரிசையில் என்று அவரிடம் கேட்டேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் காண்டிராக்டர் தன் நாயின் பதிவுப் பத்திரத்தில் சீப்புக்காரரின் பேரையும் கூட்டுச் சொந்தக்காரராகச் சேர்த்துவிட்டாராம், எல்லாம் சட்டப்படிதானாம். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே. அந்த நாயில் இவர் பங்கு எது, வாலா, முன்னங்காலா? அதற்குக் காய்ச்சல் வந்தால் எந்த வீட்டில் யார் கண் விழிப்பார்கள்?

நடுவர் வந்தார். காலையில் சீப்புக்காரரின் கூடாரத்தில் அவரோடு உட்கார்ந்து தேநீர் குடித்த அதே நடுவர். வளையத்துக்குள்ளேயே அவருடைய முதுகுவலி தேவலையா என்று விசாரித்தார். அந்த நாயைத் தடவிய நேரத்தில் பாதிகூட மந்திரிக்குக் கொடுக்கவில்லை. மந்திரியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் செருப்பைப் பார்த்தார். ஆனாலும் நம்மவன் ஓடினான் பார், காது இரண்டும் பறக்க, கயிறு துளி இழுபடாமல், நீ ஓட்டியபோது ஓடுவானே அப்படி. ஓரத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்தக் காண்டிராக்டர் நாய் திரும்புகிற இடத்தில் நின்று தரையை முகர்ந்தது, எல்லோரும் பார்த்தோம். முதல் பரிசு அதற்கு, இரண்டாவது நமக்கு.

இரண்டாவதை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். உன் அக்காவுக்கு அது வருமா? நேராகச் செயலாளர் அம்மாவின் மேசைக்குப் போய் ஆட்சேபம் என்றேன். எழுதித் தரச் சொன்னார். மூன்று பக்கம் எழுதினேன். நாயோடு குடியிருக்காதவர் எப்படிச் சொந்தக்காரர் ஆவார் என்று கேட்டு, அந்த வரியின் கீழே இரண்டு கோடும் போட்டேன். அந்தக் கோடுகளை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

செயலாளர் அம்மா நல்ல மாதிரிதான். ஆட்சேபம் என்று வந்துவிட்டால் இரண்டு பேருடைய பத்திரத்தையும் பார்ப்பதுதான் விதி என்றார். சீப்புக்காரரின் தாளில் இரண்டு பேர், இரண்டு கையெழுத்து, முத்திரை, எல்லாம் பளிச்சென்று இருந்தது. பிறகு பெரிய பதிவேட்டைப் புரட்டி மந்திரியின் எண்ணைத் தேடினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கொடுத்த விண்ணப்பத்தில் சொந்தக்காரர் என்ற இடத்தில் என் பேரை எழுதியிருந்தேன். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லையடா. நம் வீட்டில் எது யாருடையது என்று எப்போது பார்த்தோம்? உன் சட்டையை அத்தான் போடுவார், அத்தான் சைக்கிளை நீ உடைப்பாய், என் தட்டில் இரண்டு பேரும் கை வைப்பீர்கள். குளிப்பாட்டுகிறேன், காது துடைக்கிறேன், அதனால் என் நாய் என்று கை தானாக எழுதிவிட்டது. பதிவேட்டில் உன் பேர் இருந்தது.

அதோடு முடிந்துவிடவில்லை. சொந்தக்காரரோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் குடும்பத்தாரும் கயிறு பிடிக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. செயலாளர் அம்மாவே அதை எடுத்துச் சொல்லி என்னைக் காப்பாற்றப் பார்த்தார். ஆனால் பதிவேட்டில் உன் பேருக்குக் கீழே வேறொரு விலாசம் இருந்தது. மருத்துவமனை மூட்டைகளில் ஒட்டியிருக்கும் சீட்டை எந்தப் பக்கமாக இருந்தாலும் படித்துப் பழகிய கண் எனக்கு. தலைகீழாகவே படித்துவிட்டேன். துறைமுகத் தெரு, குளிர்பதனக் கிடங்குக்குப் பின்புறம், மூன்றாம் மாடி.

எங்களுக்குச் சொல்லாத விலாசத்தை நாய்ச் சங்கத்துக்கு எழுதி அனுப்பியிருக்கிறாய். நல்ல பிள்ளை நீ. பெற்றவர்கள் போனபின் உனக்குத் தலை வாரிவிட்டவள் நான். நான் ஊரார் நாய்களின் பதிவேட்டில் உன்னைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் எனக்குச் சீப்புக்காரர் மேல் இருந்த கோபம் எல்லாம் உன் மேல் திரும்பிவிட்டது.

செயலாளர் அம்மா கேட்டார், “இது பழைய விலாசமா? உங்க தம்பி உங்களோடதானே இருக்கார்?” ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சீப்புக்காரரின் தாள் நின்றாலும் நம் இரண்டாம் பரிசாவது நிற்கும். கேட்பாரும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என்னோடு வந்து பக்கத்தில் நின்ற உன் அத்தான் பேசிவிட்டார்.

அத்தானைப் பற்றி நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற இடத்தில் கழற்றிப்போட்ட பலகையைக் கேட்டு வாங்கிவந்து, மந்திரிக்கு மடக்கு மேசை செய்தது அவர். நீ போன மறுநாளிலிருந்து காலை நடைக்கு அவனைக் கூட்டிப்போவதும் அவர்தான். நான் சொல்லவில்லை, அவராகவே கயிற்றை எடுத்தார். நாய்தான் முக்கியம் என்றால் நாயோடேயே போய் இரு என்று அன்றைக்கு அவர் கத்தியதும், நீ நாயை எங்களிடம் விட்டுவிட்டு நீ மட்டும் போனதும், இந்த வீட்டில் யாரும் பேசாத விஷயம்.

அத்தனை பேர் முன்னால், சீப்புக்காரர் முன்னால், அவர் சொன்னார்: “இருந்தான்மா. நான்தான் வெளிய போகச் சொல்லிட்டேன்.”

செயலாளர் அம்மா பேனாவை வைத்துவிட்டார். எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. மந்திரி அத்தானின் காலில் சாய்ந்து உட்கார்ந்தான்.

அப்புறம் என்ன, இரண்டாம் பரிசையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். எட்டு வருடம் வளர்த்த குடும்பம் விதிப்படி வெளியே. இரண்டு வாரத்துச் சொந்தக்காரர் விதிப்படி உள்ளே. யாருக்காக வைத்த வரிசை, யார் கையில் சான்றிதழ். இதை நியாயம் என்று சொல்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். வெளியே வரும்போது சீப்புக்காரர் வேறு பின்னாலேயே வந்து, நாய் முதல் தரம், என்னிடம் விடுங்கள், அடுத்த கண்காட்சியில் ஜெயித்துக் காட்டுகிறேன் என்றார். மனதாரத்தான் சொல்லியிருப்பார் போல, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். இவனுக்குச் சொந்தக்காரன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆசிரியையும் நானும் இன்னும் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டுச் சங்கத்துக்கு மனு அனுப்பியிருக்கிறோம். கூட்டுச் சொந்தக்காரர் என்றால் ஒரு வருடமாவது நாய் அவர் வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பதில் வரும்வரை நான் விடப்போவதில்லை. அது என் சண்டை, நான் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்கானது இந்த உறையில் இருக்கும் தாள். செயலாளர் அம்மா கொடுத்தது. கடைசிக் கண்காட்சி இன்னும் மூன்று மாதத்தில் வருகிறது. மேல்பகுதியில் நீ கையெழுத்துப் போட்டால் மந்திரி என் பேருக்கு மாறிவிடுவான், நானே ஓட்டலாம், யாரும் கேள்வி கேட்கமுடியாது. கீழ்ப்பகுதி சொந்தக்காரர் குடியிருக்கும் விலாசத்தை மாற்றுவதற்கு. அதில் நம் வீட்டு விலாசத்தைப் பென்சிலால் எழுதியிருப்பதைப் பார்ப்பாய். என் கையெழுத்து இல்லை. நேற்றுக் காலை வேலைக்குப் போவதற்கு முன்னால் அத்தான் நின்றபடியே எழுதினார். ஏன் பென்சில் என்றேன். “அவன் வேணாம்னா அழிச்சுக்கட்டும்” என்றார்.

எதில் கையெழுத்துப் போடுகிறாயோ போடு. மேல்பகுதி என்றாலும் நான் உன்மேல் கோபப்படமாட்டேன், மந்திரியை ஓட்டி அந்த மூன்றாவதை வாங்கி உனக்கு அனுப்பிவைப்பேன். ஆனால் பென்சிலால் எழுதியதன் மேல் பேனாவால் ஒருதடவை எழுதிவிட உனக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இப்போது கேட்கிறேன். நலமா? அந்தக் கிடங்குப் பக்கத்துக் குளிரில் போர்வை இருக்கிறதா? போனில் கேட்ட இருமல் நின்றதா? எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. மணி அடித்துவிட்டது, மூட்டைகள் வந்துவிட்டன. மந்திரியின் காதில் புண் இல்லை. வாசலில் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்துபோய்த்தான் பார்க்கிறான், அவன் பின்னாலேயே உன் அத்தானும்.

உன் அக்கா