லென்ஸில் சந்தனம்

ஏங்க,

உங்கள் தங்கை வளைகாப்புக்குப் பூ கட்ட ஆள் போதவில்லையாம். நான் முன்னாலேயே மண்ணச்சநல்லூர் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இன்று படம் எடுக்கப்போவது நீங்கள்தான். கேமராவை நான் தொடமாட்டேன். போன வாரம் என் தம்பி நிச்சயதார்த்தப் படங்கள் மங்கலாக வந்ததற்கு, "உனக்குக் கை நடுங்குது, உன்கிட்ட யாரு கேமராவக் குடுத்தது?" என்று என் வீட்டார் முன்னால் கேட்டீர்களே. நேற்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கை நடுங்கினால் படம் இழுபட்டிருக்கும், இப்படிப் புகை படிந்த மாதிரி இருக்காது. முதலில் நான் எடுத்தவை எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. வாசலில் சந்தனம் தொட்ட கையோடு கேமராவைப் பிடுங்கி என்னை ஒரு படம் எடுத்தீர்கள். அதிலிருந்துதான் மங்கல். லென்ஸில் உங்கள் விரல் ரேகை அப்படியே இருக்கிறது. வேண்டுமென்றேதான் துடைக்கவில்லை. பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் நீங்களே துடையுங்கள்.

பேட்டரி சார்ஜில் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

சுபா

கார்டு நிறைந்துவிட்டது. மங்கல் படங்களை அழித்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்னை எடுத்ததை மட்டும் விட்டுவையுங்கள். உங்களைப் பார்த்து நான் கடைசியாகச் சிரித்தது அதில்தான்.